பை பிடிக்க ஓர் ஆள்

பயணம் போகிறவருக்கு அது ஒரே ஒரு பயணம்; டிக்கட் போட்டுக் கொடுக்கிறவளுக்கோ அவர் வீட்டுப் படியை விட்டு இறங்க முன்னமே அது நாற்பது பயணம். கல்முனை மெயின் வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டிரவல்ஸ். பன்னிரண்டு வருஷமாக அங்கே ஒரே கதிரையில் இருந்தபடியே நான் உலகம் சுற்றிக் களைத்துப் போயிருக்கிறேன். பெயர் றிஸ்வானா. வாறவர்கள் எல்லாருக்கும் 'மிஸ்'.

எங்கள் ஒபீஸில் நடப்பது பெரும்பாலும் மக்காவுக்குப் போகிற உம்றாப் பயணம். மிச்சம், கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் டிக்கட். உல்லாசப் பயணம் என்று ஒருவரும் எங்கள் படியேறி வந்ததில்லை, போன வருஷம் வரைக்கும். வந்த முதலாவது ஆளே மலேசியாவில் உள்ள ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போக வந்தா. இதை வாசிக்கிற உங்களில் யாராவது, சொந்தக்காரர்களைச் சேர்த்து ஒரு டிரிப் ஒழுங்கு செய்து பார்த்தவர் இருந்தால், கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருங்கள். என் கடுப்பு உங்களுக்குத்தான் விளங்கும்.

உம்றா ஃபோமில் ஒரு கோச்சி

நசீரா டீச்சர் சாய்ந்தமருதுக்காரி. முப்பத்தொரு வருஷம் கணக்குப் படிப்பித்தவ, எனக்கும் சேர்த்துத்தான். பென்ஷன் எடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் காலையில் படியேறி வந்து, போனை எடுத்து மேசையில் வைத்தா. அதில் ஒரு வீடியோ. வானத்தை முட்டுகிற உயரத்துக்கு ஒரு தண்டவாளம் ஏறுது, ஒரு கோச்சி, ரயில் மாதிரி, மெதுவா மெதுவா மேலே போகுது, உச்சியில் ஒரு கணம் நிற்குது, பிறகு ஐயோ அல்லாஹ், தலைகீழாக் கொட்டுது. உள்ளுக்கு இருக்கிறவர்கள் போடுகிற சத்தம் கீழே புடவைக் கடைக்கே கேட்டிருக்கும்.

எங்கள் முதலாளி ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "கல்முனைக்கே கோச்சி இல்ல, மட்டக்களப்போட நிண்டு போச்சி. டீச்சர் என்னத்துக்கு மலேசியாவுக்குப் போய்க் கோச்சி ஏறணும்?" என்றார். பிறகு இன்னொருக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு, "இவங்க தாங்களா ஏறினாங்களா, புடிச்சி ஏத்தி உட்டதா?" என்று கேட்டார். நான் அவரைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பி வைத்தேன்.

ஒபீஸில் இருந்தது உம்றா ஃபோம் மட்டும்தான். 'மஹ்ரம் (கூட வரும் ஆண் உறவினர்) யார்', 'முன்பு உம்றா செய்தவரா' என்கிற இடங்களையெல்லாம் பேனையால் வெட்டி வெட்டி எழுதினேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். டீச்சர் பழைய கதையை எடுத்தா. பெருநாளைக்குக் கடற்கரையில் கார்னிவல் வந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது டீச்சர்தான். கொழும்புக்கு ஸ்கூல் டிரிப் போனாலும் டீச்சர்தான். எல்லாரும் ராட்டினத்தில் ஏறும்போது, பை, செருப்பு, தண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றதும் டீச்சர்தான். எனக்கும் அது நினைவு வந்தது. அவவுக்கு என்னை விடவும் நல்லா நினைவிருந்தது.

"உன்ட பையும் ஒரு நாள் என்ட கையில இருந்திச்சி புள்ள. நீலக் கலர், உள்ளுக்கு மாங்காயும் உப்பும். எனக்கு ஒரேயொருக்கா மேல ஏறணும், கீழ வேற யாராவது நிக்கட்டும். இத வீட்ட ஒருத்தருக்கும் சொல்லிடாத, சிரிப்பாங்க."

என் வாயால் வந்த வினை

பிழை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பார்க்கில் இருபது பேர் சேர்ந்து போனால் தனி வாசல், வரிசையில் காத்து நிற்கத் தேவையில்லை என்று இணையத்தில் கிடந்தது. டீச்சருக்குக் கால் வலிக்குமே என்ற நல்ல எண்ணத்தில் அதைச் சொன்னேன். அடுத்த தரம் டீச்சரோடு வந்திருந்த அவவுடைய மாப்பிள்ளை, அதாவது புருஷன், ஹனீபா காக்கா காதில் அது விழுந்தது. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்; இவர் வயல்காரர், நல்ல மனுசன், ஆனால் ஒரு வேலையைத் தனியாகச் செய்து பழக்கமில்லாதவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய இருபது பேர் சேர்ந்தாச்சு. மகள், மருமகன், மதினி, மதினியின் பிள்ளைகள், சாச்சா வீட்டு ஆக்கள், சாச்சா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆக்கள். ஆளுக்கொரு ஆசை. ஒருவருக்குப் புடவைக் கடை, ஒருவருக்குக் கடல், ஒருவருக்குப் பெரிய பள்ளிவாசலில் ஒரு ஜமாஅத் தொழுகை. ஒருவருக்கு அங்கே கலியாணம் முடித்துப் போன சிநேகிதியின் வீட்டில் ஒரு நேரச் சோறு. நான் டீச்சருக்குப் போட்டது பார்க்குக்குள்ளேயே உள்ள ஹோட்டலில் மூன்று நாள். ஒரு கிழமையில் அது இரண்டு நாள். மறு கிழமை ஒரு நாள். வாட்ஸ்அப்பில் குறூப் ஒன்று தொடங்கினார்கள். அதில் நாளெல்லாம் வொய்ஸ் மெசேஜ். சோறு தின்னும்போதும் கேட்டேன், தொழுது சலாம் கொடுத்த கையோடும் கேட்டேன்.

பார்க் என்ற சொல்லே அந்தக் குறூப்பில் இல்லாமல் போயிற்று. கடைசியில் பொறுக்க முடியாமல் நானே எழுதினேன்: நாம் பார்க்குக்குத்தானே போகிறோம்? அதற்கு ஹனீபா காக்கா வொய்ஸ் போட்டார்.

"ஓம் ஓம், நேரம் கிடந்தா அதையும் எட்டிப் பாப்பம்."

பிறை

நாள் குறிக்கிற கதைக்கு வருவோம். ஹனீபா காக்காவின் வெள்ளாமை வெட்டி முடிய வேண்டும். நோன்பு முடிய வேண்டும். பெருநாளைக்கு ஊரில் இருக்க வேண்டும். பெருநாளைக்குப் பிறகு ஸ்கூல் தொடங்க முதல் திரும்பி வர வேண்டும். எல்லாம் நியாயம்தான். சரி, பெருநாளிலிருந்து நாலாம் நாள் வெளிக்கிடுவோம் என்று முடிவானது. நான் கொம்பியூட்டரைத் திறந்தேன். எத்தனையாம் திகதி என்று கேட்டேன்.

"பெருநாள் முடிஞ்சி நாலாம் நாள்" என்றார் ஹனீபா காக்கா.

"அது விளங்குது காக்கா. திகதி?"

"பிறை கண்டாத்தானே தெரியும்?"

"பிறை கண்ட ராத்திரி டிக்கட் போட ஏலாது காக்கா. இப்ப போடணும். இருபது பேர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மார்க்கமே தெரியாதவள் மாதிரி ஆகிப் போனேன். கடைசியில் நானே இரண்டு திகதியையும் எழுதி, பிந்திய திகதிக்குப் போட்டேன். ஒரு நாள் கூடுதலாக ஊரில் நின்றால் ஒருவரும் செத்துப் போக மாட்டார்கள். அவருக்கோ திருப்தியில்லை. படியில் பாதி இறங்கிப் போனவர் திரும்பி ஏறி வந்து, கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அந்தப் பிளேன்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லி வைங்களன் மிஸ், பிறை முந்திட்டா நாங்க முந்தி வாற எண்டு."

சுலைஹா மதினியின் சட்டி

எங்கள் ஊரில் டிரிப் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பஸ் ஒன்று பிடிப்பது, பின் சீட்டில் பெரிய சட்டி, காஸ் அடுப்பு, அரிசி மூட்டை, இறைச்சி, கீழே விரிக்கப் படங்கு. தண்ணி ஓடுகிற இடமாகப் பார்த்து நிற்பாட்டி, ஆம்புளைகள் குளிக்க, பொம்புளைகள் சமைக்க, தின்று படுத்தெழும்பி வீட்டுக்கு வருவது. இடத்தின் பெயர் நுவரெலியா என்றாலும் சரி, வேறெது என்றாலும் சரி, செய்வது அதே வேலைதான்.

டீச்சரின் மதினி சுலைஹா இந்த விஷயத்தில் ஊரில் பெயர் பெற்றவ. ஒரு நாள் கையில் நீளமான கடதாசித் துண்டோடு வந்து, என் மேசையில் விரித்தா. சட்டி இரண்டு, அகப்பை, தேங்காய் துருவுகிற கட்டை, கருவாடு, மாசிச் சம்பல், படங்கு நாலு. இதையெல்லாம் பிளேனில் எந்தப் பக்கம் வைக்கிற என்று கேட்டா. காஸ் அடுப்பு பிளேனில் ஏற்ற ஏலாது என்றேன். அங்கே போய் வாங்கலாம் என்றா. பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போக விடமாட்டார்கள் என்றேன். அவ சாப்பாடு கொண்டு போகவில்லையாம், அரிசியாகத்தான் கொண்டு போறாவாம்.

 "மதினி, அங்க ஹலால் கடை நிறைய இரிக்கி. நீங்க ஒரு நாளாவது அடுப்படிய உட்டுட்டு இரிங்களன்" என்று கெஞ்சினேன். அவ துண்டை மடித்து மடித்து மார்க்கட் பையில் வைத்தா. முகம் சுருங்கிப் போச்சு. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் எழும்பிப் போகும்போது கேட்டதைக் கேளுங்கள்.

"சமைக்கவும் ஏலாது, பார்க்குக்குப் பின்னால குளிக்க ஆறும் இல்லயெண்டா, அவடத்த போய் நாங்க என்னத்தச் செய்யிற புள்ள?"

மாமி, பை

மருமகன் ரமீஸ் பேங்கில் வேலை. யூடியூப்பில் அந்தப் பார்க்கைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தச் சந்தில் குப்பைத் தொட்டி இருக்கிறது என்பது வரைக்கும் மனப்பாடம் செய்த பிள்ளை. ஒரு நாள் மேசைவிரிப்பு அளவு தாளில் ஒரு எக்ஸல் அட்டவணை அடித்துக்கொண்டு வந்தார். மேலே நேரம், பக்கவாட்டில் ஆக்களின் பெயர். யார் எத்தனை மணிக்கு எதில் ஏறுவது, எங்கே தண்ணி குடிப்பது, லுஹர் தொழுவது எங்கே, அஸர் எங்கே. போட்டோ எடுக்க ஏழு நிமிஷம். கழிவறைக்குப் போவதற்கும் நிமிஷக் கணக்கு. இருபது பேரும் அந்தக் கணக்குப்படி ஒழுங்காகப் போய் வந்தால் அது உலக அதிசயம். ஆனாலும் பிள்ளை நேரம் மினக்கெட்டிருக்கிறாரே என்று நான் தாளை வாங்கிப் பார்த்தேன்.

டீச்சரின் பெயரைத் தேடினேன். கடைசி வரி. காலை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் ஒரே சொல்தான்: பை, பை, பை, பை. கோச்சி இருக்கிற கட்டத்தில் பதினொரு பெயர் இருந்தது. டீச்சரின் பெயர் இல்லை. டீச்சர் எனக்கு நேரே முன்னால் இருக்கிறா. அவவும் பார்த்துவிட்டா. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினா, சொல்லிடாத என்று. பிறகு கைப்பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டா. பழக்க தோஷம். ரமீஸ் அதைக் கவனிக்கவில்லை.

 "டீச்சர் ஒண்டுலயும் ஏறலயா ரமீஸ்?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். அந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை, அதுதான் இன்னும் கடுப்பு. மாமியில் உயிர். சிரித்த முகத்தோடு பதில் சொன்னார்.

"யாராவது ஒராள் பை புடிக்கத்தானே வேணும் மிஸ், மாமிக்கு அது நல்லாப் பழக்கம்."

பயணம் சொல்லப் போன டீச்சர்

உம்றாவுக்குப் போகிறவர்கள் வெளிக்கிட முதல் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லுவார்கள். ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்களும், அங்கே எனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேளுங்கள் என்று கையைப் பிடித்து அனுப்புவார்கள். எங்கள் டிரவல்ஸ் பெயர் போட்ட பையோடு ஒருவர் தெருவில் போனால், அவர் மக்காவுக்குத்தான் போகிறார் என்பது ஊரின் முடிவு. முதலாளி எல்லாருக்கும் அந்தப் பச்சைப் பையைக் கொடுத்துத் தொலைத்திருந்தார்.

டீச்சர் பெருநாளைக்கு மறுநாள் அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவில் நாலைந்து வீட்டுக்கு, மலேசியா போய் வாறன் என்று சொல்லத்தான் போனா. மலேசியா என்றதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஒருத்தி கட்டிப் பிடித்து அழுதா. ஒருத்தி மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றா. ஒருவர் முழங்கால் வருத்தத்துக்குக் கேட்கச் சொன்னார். கலியாணம் முடித்துப் பதினொரு வருஷமாகப் பிள்ளையில்லாத ஒரு பொம்புளைப் பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றதாம். அதற்குப் பிறகு, நான் போறது வேறொரு இடத்துக்கு என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. கணக்கு டீச்சர் இல்லையா, துஆக் கேட்கச் சொன்ன பதினாறு பேரையும் கொப்பியில் இலக்கம் போட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வரும்போது மக்காவின் சம்சம் தண்ணி எத்தனை போத்தல் வரும் என்று மூன்று பேர் என் போனுக்கு எடுத்தார்கள். நான் டீச்சரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். படிப்பித்த டீச்சர் என்றும் பார்க்கவில்லை. "டீச்சர், இது உம்றா இல்ல, தீம் பார்க்! அங்க போய் எவடத்த நிண்டு கேப்பீங்க, ஐஸ்கிரீம் கடைக்கு முன்னாலயா?" அவ கொப்பியைத் திறந்து, பேனை மூடியைக் கழற்றி, பதினேழு என்று இலக்கம் போட்டா. உனக்கு என்ன கேட்க என்றா. எனக்கு வந்த எரிச்சலில், சபுரைக் கேளுங்கள், இந்தக் குடும்பம் போய்த் திரும்பி வருமட்டும் எனக்குப் பொறுமை வேண்டும் என்றேன். அதையும் வடிவாக எழுதிக்கொண்டா.

"பயணத்தில இரிக்கிற ஆள்ட துஆவ அல்லாஹ் ஏத்துக்குவான் புள்ள, ஆள் எங்க போறார் எண்டு அதில ஒண்டும் சொல்லல்ல."

பிரஷர்

பார்க்கில் பெரிய விளையாட்டுகளில் ஏறுகிறவர்கள் சுகாதார ஃபோம் ஒன்று நிரப்ப வேண்டும். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் எல்லாரையும் ஒபீஸுக்கு வரச் சொன்னேன். ஒரு ஃபோமை டீச்சர் பக்கம் தள்ளினேன். ஹனீபா காக்கா அதை எடுத்து என்னிடமே திருப்பித் தந்தார். "அவக்கு எதுக்கு மிஸ்? அவக்குப் பிரஷர். ஏற ஏலாது" என்றார். மகளும் ஓம் என்றா, மருமகனும் ஓம் என்றார், சுலைஹா மதினியும் உச்சுக் கொட்டினா. எல்லாருக்கும் தெரியுமாம், எந்த நேரமும் டீச்சரின் பையில் பிரஷர்க் குளிசை இருக்குமாம்.

டீச்சர் பையைத் திறந்து குளிசை மட்டையை எடுத்து மேசையில் வைத்தா. அதற்குப் பக்கத்தில், கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த டொக்டர் துண்டையும் வைத்தா. முந்தின கிழமைதான், ஒருவருக்கும் சொல்லாமல் போய், சீனி, பிரஷர், ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு வந்திருக்கிறா. ஒரு குறையும் இல்லை, ஏறலாம் என்று டொக்டர் கையெழுத்து வைத்திருக்கிறார்.  ஹனீபா காக்கா துண்டை வாசிக்கிறார், மட்டையைப் பார்க்கிறார், திரும்பத் துண்டை வாசிக்கிறார். நான் கெதியாக ஃபோமை நிரப்பிக் கையெழுத்து வாங்கினேன். அவ்வளவு நடந்தும், என்னத்துக்கு டொக்டரிடம் போனாய் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. டீச்சர் மட்டையை எடுத்துத் திரும்பவும் தன் பைக்குள்ளேயே போட்டு, ஹனீபா காக்காவைக் கண்ணால் காட்டினா.

"பிரஷர் அவருக்கு. குளிசயத் தூக்கித் திரியிறதுதான் நான்."

பதினாலு பை

பொம்புளைகள் நிறையப் போகிறார்கள், நீயும் போ என்று முதலாளி என்னையும் அனுப்பினார். மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, வயிற்றில் பலமும் இல்லை. பார்க்குக்கு என்று மிஞ்சியது ஒரே ஒரு நாள். காலையில் வாசலுக்குள் போன ஐந்தாம் நிமிஷம் ரமீஸின் எக்ஸல் செத்துப் போனது. சாச்சா வீட்டு ஆக்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சுலைஹா மதினி ஒரு குழாயடியைக் கண்டுபிடித்து, அங்கே படங்கு விரித்து விட்டா. டீச்சர் மட்டும் அட்டவணையில் போட்டபடியே ஒவ்வொரு விளையாட்டுக்கும் கீழே நின்றா. ஒவ்வொரு இடத்திலும் கையில் இரண்டு பை கூடியது.

கோச்சிக்கு முறை வரும்போது மழை. மழையோடு இடி. கோச்சியை நிற்பாட்டிப் போட்டார்கள். ஒரு மணித்தியாலம் நின்றோம். ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். ஐந்து மணிக்கு எங்கள் பஸ். நாலு மணிக்கு வானம் வெளித்தது, கோச்சி திரும்ப ஓடத் தொடங்கியது. உடனே எங்கள் ஆக்கள் அத்தனை பேரும் எழும்பி, "மாமி இதப் புடிங்க", "டீச்சர் இதையும் பாத்துக்கங்க", "புள்ள, என்ட செருப்பையும் வெச்சிக்க" என்று ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். நான் எண்ணினேன். பதினாலு பை. நடுவில் டீச்சர், முகம் மட்டும் தெரியுது. காலையிலிருந்து ஊசி குத்தி இறுக்கி வைத்திருந்த ஸ்கார்ஃப் அப்படியே இருக்குது. ஏறுவதற்கென்று தைத்துப் போட்ட காற்சட்டை அபாயாவுக்குக் கீழே எட்டிப் பார்க்குது. அவ கோச்சியை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறா.

எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ அல்லாஹ்தான் அறிவான். "நில்லுங்க எல்லாரும்!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற சீனாக்காரரும் நின்றார். "இந்த டிரிப் ஆர்ர டிரிப் எண்டு ஒருத்தருக்காவது தெரியுமா? இந்தக் கோச்சியில ஏறணும் எண்டுதான் டீச்சர் முதல் நாள் என்ட ஒபீஸுக்கு வந்தவ. தனிய வந்தவ! நீங்க எல்லாரும் அதுக்குப் பொறகு வந்து தொங்கின ஆக்கள். முப்பத்தொரு வருஷம் ஊர்ப் புள்ளைகள்ற பையப் புடிச்சவ, என்ட பையையும் புடிச்சவ. இண்டைக்கும் அவதான் கீழ நிக்கணுமா?" சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாதே என்று அவ கேட்டதை நான் மலேசியாவுக்கே கேட்கச் சொல்லிவிட்டேன்.

 ரமீஸ் மடித்து வைத்திருந்த எக்ஸல் தாளை எடுத்து, அந்தச் சிவப்புக் கேள்விக்குறியை இப்பதான் முதல் தரம் பார்த்தார். நான் பை ஒவ்வொன்றாக டீச்சரின் கையிலிருந்து உருவி என் தோளில், கழுத்தில், கையில் மாட்டினேன். கடைசியாக டீச்சரின் பச்சைப் பை. அதற்குள் கொப்பி இருந்தது. "துஆக் கொப்பி வேணாமா?" என்று கேட்டேன். "தேவையில்ல, வகுப்பில டாப்புக் கூப்புடுற மாதிரி மனப்பாடம்" என்றா. ஹனீபா காக்கா கொஞ்சம் தயங்கி வந்து, அந்தப் பைக்குள் கையை விட்டுத் தன் குளிசை மட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மனுசியைப் பார்த்துச் சொன்னார்.

"போயிட்டு வா நசீரா, நான் இவடத்தயே நிக்கன்."

மேலே

டீச்சருக்கு முன் சீட்டு கிடைத்தது. ரமீஸ் பக்கத்தில். கோச்சி மெதுவாக மெதுவாக ஏறியது. கீழே நின்றுவிட்ட நாங்கள் எல்லாரும் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். டீச்சரின் இரண்டு கையும் கம்பியில் இல்லை, ஏந்தியபடி இருக்கிறது. வாய் அசைவது கீழேயிருந்தே தெரியுது. சுலைஹா மதினி, "யா அல்லாஹ், பயத்தில கடைசிக் கலிமாச் சொல்றா" என்று அழத் தொடங்கினா. எனக்குத்தான் தெரியும், அவ பெயர் கூப்பிடுகிறா. வேலை, முழங்கால், பிள்ளை. ஒன்று, இரண்டு, மூன்று. உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு கொட்டியது. கோச்சி முழுக்க அலறுது. டீச்சர் அலறினாவா சிரித்தாவா என்று இன்றைக்கும் எங்களுக்குள்ளே சண்டை.

இறங்கி வரும்போது ரமீஸின் முகம் சுண்ணாம்பு. டீச்சர் நேராக என்னிடம் நடந்து வந்தா. முகமெல்லாம் மழைத்தண்ணியா கண்ணீரா தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம். எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள், பதினாலு பையும் என் கழுத்தில். "எப்படி டீச்சர்?" என்று கேட்டேன். டீச்சர், கணக்கில் ஒரு புள்ளி பிழையானால் எப்படிப் பார்ப்பாவோ அப்படி என்னைப் பார்த்தா.

"பதினாறு பேருக்கும் வடிவாக் கேட்டுட்டன் புள்ள. பதினேழு, நீ. சபுர் எண்டு வாயத் தொறந்தன், கீழ உழுத்திட்டான். பையப் புடி, இன்னொருக்கா ஏறிட்டு வாறன்."

அன்றைக்கு அவ மொத்தம் மூன்று தரம் ஏறினா, மூன்று தரமும் என் பெயர் வரும்போதே கோச்சி கொட்டிவிட்டதாம். அடுத்த வருஷம் டீச்சரோடு முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள் என்று ஹனீபா காக்கா இன்றைக்குக் காலையில் வந்து சொன்னபோது, அதனால்தான் என்னிடம் ஒரு சொட்டுப் பொறுமைகூட மிச்சமில்லாமல் இருந்தது.